நிலையான முகவரி

சு. தமிழ்ச்செல்வியின் ‘கீதாரி’ நாவலைப் பற்றி எழுதியபோது ‘வேரின்மை’ என்ற சொல்லை ஐந்தாறு இடங்களில் போட்டிருந்தேன். வசதியான சொல், எதற்கும் பொருந்தும்.

2018ல் ஒரு திங்கட்கிழமை, திண்டுக்கல்லில் என் கவுண்டருக்கு வந்தவர் இராமநாதபுரம் பக்கத்துக் கீதாரி. அறுப்பு முடிந்த வயல்களில் ஆட்டுக்கிடை போட்டவர். புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு, கிடைக்கூலி இவருக்கு. 2016ல் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. நடவே இல்லாத வயலுக்குக் கிடை எதற்கு? ஆடுகளைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு, வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் இரவுக் காவலுக்குச் சேர்ந்துவிட்டார்.

கணக்குப் படிவத்தை நிரப்பிக்கொண்டே, “நிலையான முகவரி சொல்லுங்க பெரியவரே” என்றேன்.

“எந்த மாசத்துக்குங்க சார்?”

கேலி இல்லை. தையில் எந்த ஊர், பங்குனியில் எந்தக் கண்மாய்க்கரை, யாருடைய வயல் என்று விரல்விட்டுச் சொன்னார். பதினொன்று வந்தது. அப்பா காலத்திலிருந்து அதே வரிசையாம். (இந்த ஊரிலேயே நான் நான்கு வாடகை வீடு மாறியவன்.)

படிவத்தில் ஒரு முகவரிக்குத்தான் இடம். மில் குடியிருப்பு, அறை எண் 7 என்று எழுதினேன்.

“அங்க நான் படுக்கிறதில்லீங்களே.”

பகல் தூக்கம் வேப்பமரத்தடியில்தானாம். அடித்தெழுதினால் மேலாளர் திருப்பி அனுப்புவார். அப்படியே விட்டுவிட்டு மைப்பெட்டியை நகர்த்தினேன். அவர் பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.