டயோடு குடியேறிய கதை

என் காரில் பேட்டரியை நிரப்பும் ஆல்டர்நேட்டர் கருகிப் போனதிலிருந்து ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருந்தது. சூடு ஒத்துக்கொள்ளாத டயோடுகளை உள்ளே வைத்து, அந்தக் கருவியைக் கொதிக்கிற எஞ்சினின் விலாவில் மாட்டலாம் என்ற யோசனை எங்கிருந்து வந்தது?

விடையின் முதல் நுனி சென்னை புதுப்பேட்டையில் கிடைத்தது. பழைய உதிரிபாகக் கடைக்காரர் ஒருவர், அம்பாசடரிலிருந்து கழற்றிய லூகாஸ் டைனமோவையும் ஒரு ஆல்டர்நேட்டரையும் அருகருகே வைத்தார். ஆல்டர்நேட்டருக்கு முன்னோடியான டைனமோ நீளமான இரும்புக் குழாய். முன்னால் புல்லியோடு ஒரு தகர விசிறி. "இதுல கரண்ட் நடுவுல சுத்துற ஆர்மேச்சர்லதான் சார் உண்டாகுது. சூடும் அங்கதான். வெளிய வர வழி ஏது?" என்றார். அத்தனை எடைக்கும் அது தருவது 22 ஆம்பியர்தான்.

ஆல்டர்நேட்டரில் இது தலைகீழ். நடுவில் சுற்றுவது காந்தம். மின்சாரம் பிறக்கும் காயில் வெளிச்சுற்றில் அசையாமல் நிற்கிறது. காற்று பட ஏற்ற இடம். ஆனால் அது தருவது ஏ.சி.; பேட்டரிக்கு வேண்டியது டி.சி. 1940-களில் அமெரிக்காவின் லீஸ்-நெவில் நிறுவனம் ஆல்டர்நேட்டர் செய்தபோது, ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும் வேலையைச் செலினியத் தகடுகளிடம் விட்டது. செலினியம் சூடு தாங்காது. ஆகவே அந்தத் தகட்டு அடுக்கை எஞ்சினை விட்டுத் தள்ளி, காற்றோட்டமுள்ள இடத்தில் தனியாக மாட்டினார்கள்.

1950-களில் அதே வேலைக்குச் சிலிக்கான் டயோடு வந்தது. சிறியது, செலினியத்தைவிடச் சூடு தாங்கும். தனி வீடு எதற்கு என்று அதை ஆல்டர்நேட்டருக்குள்ளேயே குடியேற்றினார்கள். 1960 மாடல் கிறைஸ்லர் வேலியன்ட் கார் அந்த ஏற்பாட்டோடு சாலைக்கு வந்தது. என் கேள்விக்கு விடை இதுதான். வசதிக்காகச் செய்த ஏற்பாடு. மோசமானது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதன் விலையை டயோடு இன்றுவரை கட்டிக்கொண்டிருக்கிறது. மின்சாரம் எப்போதும் இரண்டு டயோடுகளைக் கடந்தே வெளியேறுகிறது. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 1 வோல்ட் போகிறது. 100 ஆம்பியர் ஓடினால் டயோடுகளில் மட்டும் சுமார் 200 வாட் வெப்பம். காயிலின் சூடு தனிக் கணக்கு. செம்பு 100 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் அதன் மின்தடை கிட்டத்தட்ட 40 சதவீதம் ஏறும். அதனால் இன்னும் சூடு.

வடிவமைத்தவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. புல்லி விசிறி உள்ள பழைய வகையைத் திருப்பிப் பாருங்கள். முதுகில் ஓட்டைகள் இருக்கும். காற்று அங்கே நுழைந்து முதலில் டயோடு பிளேட்டைத் தொட்டு, பிறகு காயிலைக் கடந்து முன்னால் வெளியேறும். குளிர்ந்த காற்று முதலில் டயோடுக்கு! பின்னாளில் விசிறி உடலுக்குள்ளேயே போனது. 1990-களில் பிஎம்டபிள்யூ சில வி8 கார்களின் ஆல்டர்நேட்டருக்கு ரேடியேட்டர் தண்ணீரையே ஓடவிட்டது.

என்னுடையதைப் பிரித்த எலக்ட்ரீஷியன், முதுகு ஓட்டைகளில் ஸ்க்ரூடிரைவரை விட்டுச் சுரண்டினார். எண்ணெயும் புழுதியும் கலந்து தார் மாதிரி உருண்டு வந்தது. மேலே வால்வு கவரில் ஆயில் கசிவு. காற்று நுழைய இடமே இல்லை.

ஆகவே ஆயில் கசிவை உடனே நிறுத்துங்கள். சர்வீஸுக்கு விடும்போது அந்த ஓட்டைகளில் காற்றடிக்கச் சொல்லுங்கள். தண்ணீர் பீய்ச்ச விடாதீர்கள். முக்கியமாக, பேட்டரி அடியோடு இறங்கிவிட்டால் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்து, நின்ற இடத்திலேயே ஓடவிட்டு நிரப்பப் பார்க்காதீர்கள். ஐடிலிங்கில் விசிறி மெதுவாகச் சுற்றும், சுமையோ உச்சத்தில் இருக்கும். பேட்டரியைக் கழற்றிக் கடையில் சார்ஜ் போட்டுவிடுங்கள். புது ஆல்டர்நேட்டர் விலையோடு பார்த்தால் அந்தச் செலவு ஒன்றுமே இல்லை.