அம்மா கேட்ட கேள்வி!

எங்க வீட்டில் 'சாவு' என்ற வார்த்தைக்குத் தடை. தப்பித் தவறிச் சொன்னால், "வாயைக் கழுவுடா" என்பார் அம்மா. அப்படிப்பட்ட வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதைப் பற்றியே பேசினோம். உபயம், இன்ஷூரன்ஸ் அங்கிள்!

அப்பாவுக்கு வயது 57. மில்லில் சூப்பர்வைசர். அடுத்த வருஷம் ரிட்டயர்மென்ட். நான் பி.காம். ஃபைனல் இயர். என் பெயரில் 4 லட்ச ரூபாய் எஜுகேஷன் லோன் இருக்கிறது. கூடவே கையெழுத்துப் போட்டவர் அப்பா.

அங்கிள் அப்பாவின் பழைய தோஸ்த். "வருஷம் 60 ஆயிரம், பத்து வருஷம் கட்டு. நடுவுல ஒண்ணு ஆனாலும் குடும்பம் தப்பிச்சுக்கும்" என்றார். அப்பா பேனாவையே எடுத்துவிட்டார்.

காபியோடு வந்த அம்மா கேட்டார்: "அடுத்த வருஷம் சம்பளமே கிடையாது. 60 ஆயிரம் எங்கேருந்துங்க வரும்?"

அங்கிள் பிஸ்கட்டை மெல்லாமலே விழுங்கினார்!

அன்று ராத்திரி ஒரு நோட்டோடு மூணு பேரும் உட்கார்ந்தோம். "இவர் இல்லேன்னா எனக்கு மாசம் என்னடா வரும்?" இது அம்மாவின் அடுத்த கேள்வி. எனக்குத் தெரியவில்லை. மூணு வருஷமா காமர்ஸ் படிக்கிறேன் பாஸ்!

தேடிப் பார்த்தேன். பி.எஃப். கட்டுகிற ஊழியர் வேலையில் இருக்கும்போது இறந்தால், அதோடு சேர்ந்த இன்ஷூரன்ஸில் குடும்பத்துக்கு அதிகபட்சம் 7 லட்சம் வரை கிடைக்கும். ரிட்டயர் ஆகிவிட்டால் அந்தப் பாதுகாப்பு போச்சு. பி.எஃப். பென்ஷன், அப்பாவின் சர்வீஸுக்கு மாதம் நாலாயிரத்துச் சொச்சம். அவருக்குப் பிறகு அம்மாவுக்கு அதில் பாதி.

ஆக, எங்களுக்கு ரெண்டு பிரச்னை. ஒன்று, என் லோன். அது சில வருஷத்தில் தீர்ந்துவிடும். இன்னொன்று, அம்மாவின் மாதச் செலவு. அது அவர் ஆயுசு முழுக்க. அங்கிள் நீட்டிய ஒரே பாலிசி ரெண்டுக்குமே சரிப்படவில்லை.

லோனுக்கு, சேமிப்பிலிருந்து ஒரே தடவை கட்டும் 5 லட்ச ரூபாய் டெர்ம் பாலிசி போதும் என்று முடிவானது. 2021 ஜனவரியில் வந்த 'சரல் ஜீவன் பீமா' இந்த மாதிரிச் சின்னத் தொகைக்கான திட்டம்தான். முடிவில் பணம் திரும்பி வராது என்றதும் அப்பா முகம் சுருங்கியது. "பஸ் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தா காசு தர்றானா?" என்றார் அம்மா.

மாதச் செலவுக்கு, அடுத்த வருஷம் பி.எஃப். பணம் வந்ததும் இருவர் பெயரிலும் பென்ஷன் திட்டம். அப்பா பெயரில் மட்டும் போட்டால் மாதம் கொஞ்சம் கூடுதலாக வரும். ஆனால் அவரோடு நின்றுவிடும். ஜாயின்ட் என்றால் தொகை கொஞ்சம் குறையும். கடைசியில் இருப்பவர் காலம் வரை வரும்.

டெர்ம் பாலிசிக்கு ஃபாரம் நிரப்பும்போதுதான் க்ளைமாக்ஸ். "சுகர் இருக்குன்னு எழுதாதே. பிரீமியம் ஏறிடும்" என்றார் அங்கிள். அப்பா தலையாட்டினார். மறைத்தது தெரிந்தால் முதல் மூணு வருஷத்துக்குள் பாலிசியையே ரத்து செய்ய சட்டத்தில் இடம் உண்டு என்று நான் வாசித்துக் காட்டினேன். அம்மா மாத்திரை டப்பாவைக் கொண்டுவந்து ஃபாரத்தின் மேல் வைத்தார். "ஆபீஸ் ஆபீஸா அலையப்போறது நான்தாங்க. எழுதுங்க."

அப்பா எழுதினார். கை லேசாக நடுங்கியது. அன்றைக்குத்தான் அவருக்கு வயசாகிவிட்டது எனக்கு உறைத்தது.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'கடன்' என்று போட்டு அப்பா எழுதியிருந்தது ஒரே ஒரு பெயர். என் பெயர். 57 வயதில் அவர் பாலிசி தேடியது எனக்காக!

அப்பா மொபைலின் பாஸ்வேர்ட் நமக்கெல்லாம் அத்துப்படி. பாலிசி பேப்பர் எந்த பீரோவில், யார் நாமினி? கேட்டுப் பாருங்க ஃப்ரெண்ட்ஸ். முதலில் திட்டுதான் விழும். பரவாயில்லை... கேளுங்க!