சும்மா கிடக்கும் கம்பி

வித்துராவில் நான் குடியிருக்கும் அறைக்கு எதிரே, சாலையோரத்தில் ஒரு தகரக் கொட்டகை எழுந்துகொண்டிருக்கிறது. இரு தூண்களுக்கிடையே பெருக்கல் குறிபோல இரண்டு ஆங்கிள்களைப் பொருத்திக்கொண்டிருந்த வெல்டரிடம், வழியே சென்ற ஒருவர் நேற்று மலையாளத்தில் கேட்டார்: "ஒன்று போதாதா?"

அந்தக் கேள்வியை நான் முன்பே அறிவேன்.

என் தந்தை குமரி மாவட்டத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். 2015இல் ஆரல்வாய்மொழிப் பக்கம் அவர் கட்டித்தந்த கொட்டகையொன்றில், வண்டி நுழைய இடையூறாக இருக்கிறதென்று உரிமையாளர் ஒரு குறுக்கு ஆங்கிளை அகற்றச் சொன்னார். அப்பா தட்டிப் பார்த்தார், தொளதொளவென்று இருந்தது. "சும்மா கிடப்பதுதானே" என்று அறுத்துவிட்டார். கணவாய் வழியே மேற்கிலிருந்து அடிக்கும் பருவக்காற்றில் இரண்டாண்டுகள் கொட்டகை அசையாமல் நின்றது. 2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல். காற்று கிழக்கிலிருந்து வந்தது. கொட்டகை சாய்ந்தது. உயிர்ச்சேதம் இல்லை. அப்பா தம் செலவில் நிமிர்த்திக் கொடுத்தார். அதைப்பற்றிப் பின்னர் பேசவேயில்லை.

மொழியியலில் முதுகலை முடித்த நான், இன்று பட்டறைத் தொழில்களின் கலைச்சொற்களை ஆராய்கிறேன். 'வளைதல்', 'நெளிதல்' இரண்டையும் வேறுபடுத்தப் புகுந்தபோதுதான் அந்தக் கொட்டகை எனக்குப் புரிந்தது. ஓர் ஈர்க்கை இரு முனைகளிலும் பிடித்து இழுத்துப் பாருங்கள், எளிதில் அறாது. அமுக்குங்கள், உடனே பக்கவாட்டில் நெளியும். மெலிந்த எஃகும் அப்படியே. நீளம் இருமடங்கானால் நெளியாமல் தாங்கும் திறன் நான்கிலொன்றாகக் குறையும் என்பது 18ஆம் நூற்றாண்டில் ஆய்லர் கண்ட கணக்கு.

ஐந்து மீட்டர் நீளமுள்ள 50×50×6 ஆங்கிளை எடுத்துக்கொள்வோம். அதன் மிகக் குறைந்த சுழற்சி ஆரம் ஏறத்தாழ 9.6 மி.மீ. நீளத்தை இதனால் வகுத்தால் மெலிவு விகிதம் 520. காற்றுக்கான இழுவைப் பிணைப்புகளுக்கு ஐ.எஸ். 800:2007 வகுத்த வரம்போ 350. இரண்டு ஆங்கிள்களும் வெட்டிக்கொள்ளும் நடுப்புள்ளியில் இணைத்துவிட்டால் ஒன்றுக்கொன்று தாங்கலாகிறது. கணக்கில் வரும் நீளம் பாதியாகி, விகிதம் 260க்கு இறங்குகிறது. அப்போதும், இழுத்தால் சுமார் 14 டன் தாங்கும் அது, அமுக்கினால் 2 டன்னுக்கு முன்பே நெளிந்துவிடும்.

அதனால் பொறியாளர், அமுங்கும் ஆங்கிளைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. இழுபடும் ஒன்றே முழுக்காற்றையும் தாங்குவதாக வடிவமைக்கிறார். காற்று திரும்பினால் முறை மாறும். அதுவரை சும்மா கிடந்தது இழுபடும், இழுபட்டது ஓய்வெடுக்கும். அப்பா அறுத்தது கிழக்குக் காற்றுக்கான ஆங்கிள். எஞ்சியிருந்தது அன்று அமுக்கப்பட்டு நெளிந்தது.

கடந்த பொங்கலுக்கு ஊர் சென்றபோது இரண்டு ஈர்க்குகளைக் கொண்டு இதை அவருக்குக் காட்டினேன். நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "அப்போ அதை அடுத்த கட்டத்துக்கு மாற்றியிருக்கலாம், ரெண்டையும் சேர்த்து" என்றார். ஆம், அதுதான் விடை. வாசல் வேண்டுமென்றால் பெருக்கல் குறி முழுவதையும் வேறிரு தூண்களுக்கிடையே நகர்த்தலாம். ஒரு காலை மட்டும் வெட்டக் கூடாது.

இப்போது கொட்டகை கேட்டு வருவோரிடம் அவர் முதலில் கேட்பது, "வண்டி எந்தப் பக்கம் நுழையும்?" என்பதைத்தான்.