கேட்டுவிட்டுச் செய்யட்டும்

திருப்பூர்ப் பெண்களுக்குச் 'செக்கிங்' என்ற சொல்லை எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. எங்களில் பலருடைய அன்னையர் பனியன் கம்பெனிகளில் செக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறார்கள். தைத்து வந்த பீஸை வெளிச்சத்தில் விரித்து, ஓட்டை உண்டா, தையல் விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கறை பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே அது பேக்கிங்குக்குப் போகும். ஆகவே, ஆய்வகத்தில் ஒரு மென்பொருளே செக்கிங் செய்யலாமா என்று கேட்டபோது எங்களுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

கணிப்பொறி ஒன்றில் உபுண்டுவை நிறுவிக்கொண்டிருந்தோம். நிறுவும்போதே இணையத்திலிருந்து புதுப்பிப்புகளை இறக்கிக்கொள்ளலாமா என்று திரையில் ஒரு சிறு கட்டம் கேட்டது. கேட்டதென்னவோ உண்மை, ஆனால் 'டிக்' முன்னதாகவே போடப்பட்டிருந்தது! "இருக்கட்டும்" என்றனர் சிலர். "எடுத்துவிடு, மணி அடிப்பதற்குள் முடியாது" என்றனர் மற்றவர். "காரணம் சொல்லுங்கள், பிறகு முடிவு செய்யலாம்" என்றார்கள் சிஸ்டர்.

இருக்கட்டும் என்ற கட்சிக்கு வலுவான சாட்சி கிடைத்தது. 2017 மே 12 அன்று 'வான்னாக்ரை' என்னும் நச்சுநிரல் உலகெங்கும் பரவி, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பியனுப்பின. திருமலை தேவஸ்தானத்தின் சில கணிப்பொறிகளும் அகப்பட்டன. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தையோ மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது! அதைவிட வியப்பு தைவானில் நடந்தது. 2018 ஆகஸ்டில் டி.எஸ்.எம்.சி. என்னும் மாபெரும் சில்லுத் தொழிற்சாலையில், புதிய இயந்திரம் ஒன்றுக்கு மென்பொருள் நிறுவியவர்கள் சரிபார்க்காமலே அதை வலைப்பின்னலில் இணைத்துவிட்டார்கள். அதே வான்னாக்ரையின் மாற்றுரு உள்ளே புகுந்து ஆலைகளை நிறுத்தியது. நிறுவும் நேரத்துச் செக்கிங் வீண் வேலையன்று என்பதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

எதிர்க்கட்சியும் சும்மா இருக்கவில்லை. அதே 2017-இல், ஜூன் 27 அன்று, உக்ரைனில் பலரும் பயன்படுத்திய கணக்கு மென்பொருள் ஒன்றின் புதுப்பிப்பு வழியாகவே 'நாட்பெட்யா' நுழைந்தது. மருந்துப் புட்டியிலேயே நஞ்சு! மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் தடுமாறியது. மும்பையை அடுத்த ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அக்குழுமத்தின் முனையமும் முடங்கியது. சரக்குப் பெட்டி நகராமல் நின்றால் என்னவாகும் என்பதைத் திருப்பூருக்குச் சொல்ல வேண்டுமா? பின்பு 2024 ஜூலை 19 அன்று, கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் தானாகவே அனுப்பிய பிழையான புதுப்பிப்பால் சுமார் 85 லட்சம் கணிப்பொறிகள் நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் சீட்டுகளைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

இவையெல்லாம் எங்கோ நடந்தவை. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தந்தை ஒரு சிறு கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். ஷிப்மெண்ட் நாள் மாலையில், பில் போட வேண்டிய கணிப்பொறி தானாகவே புதுப்பித்துக்கொள்ளத் தொடங்கி, "அணைக்காதீர்கள்" என்று சொல்லிவிட்டு வட்டம் சுற்றிக்கொண்டிருந்ததாம். வாசலில் லாரி. முதலாளியின் கோபம் முழுவதும் அவர் தலையில்! அவர் வீடு திரும்பியபோது இரவு இரண்டு மணி. "அப்பா அன்று சாப்பிடவே இல்லை" என்று அவள் சொன்னபோது எங்கள் வாதம் சற்று நின்றது.

அப்போதுதான் ஒன்று புரிந்தது. எங்கள் அன்னையர் குறை கண்ட இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டி, பீஸைத் தனியே எடுத்து வைக்கிறார்கள். தாங்களே கத்தரியை எடுத்து வெட்டித் தைப்பதில்லை. பார்ப்பது வேறு, மாற்றுவது வேறு. மென்பொருள் நிறுவும்போது இணையத்தில் போய்ப் பார்க்கட்டும். ஓட்டையிருந்தால் உரக்கச் சொல்லட்டும். மாற்றுவதற்கு மட்டும் கேட்டுக்கொள்ளட்டும். இணையம் இல்லாத இடத்தில் வேலையை நிறுத்தாமல் நிறுவியும் முடிக்கட்டும். (கைப்பேசியின் டேட்டாவைப் பகிர்ந்து படிக்கும் வீடுகள் எங்களுக்குள் எத்தனை!) இது எங்கள் கட்சி. சிலர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. கேட்டால் எல்லோரும் "பிறகு" என்றுதான் சொல்வார்கள் என்கிறார்கள். அதிலும் உண்மை இருக்கத்தான் செய்கிறது.

அன்று கட்டத்தில் 'டிக்' இருக்கட்டும் என்று முடித்துவைத்தவள் அந்தக் கணக்கரின் மகளேதான். "இப்போது இங்கே யாரும் பில் போடவில்லையே" என்றாள். மணி அடித்தது, சிஸ்டரின் அனுமதியுடன் அதை ஓடவிட்டுவிட்டுச் சென்றோம். மாலை வந்து பார்த்தபோது, மறுதொடக்கம் செய்யச் சொல்லி எங்கள் விடைக்காகக் காத்துக்கொண்டிருந்தது.