ஈரம் பொறாத் தரை

மரத்தைத் தலைக்குமேல் வைத்துப் பழகியவர்கள் நாம். காலுக்குக் கீழே வைத்துப் பழகியவர்கள் அல்லர். தொண்டைநாட்டு இல்லங்களில் உத்திரம் மரம்; தூணும் நிலையும் கதவும் மரம்; உட்காரும் மணையும் ஆடும் ஊஞ்சலும் மரம். தரை மட்டும் சாணமிட்டு மெழுகிய மண்ணாகவோ, சுண்ணாம்புக் காரையாகவோ, பிற்காலத்தில் செங்காவி கலந்த சிமெண்டாகவோ இருந்தது. பர்மாத் தேக்கைக் கப்பலேற்றிக் கொண்டுவந்த செட்டிநாட்டு வணிகர்கள்கூட அதனைப் பெரும்பாலும் தூணுக்கும் கதவுக்கும் மேற்கூரைக்குமே செலவிட்டார்கள். தரைக்கு இத்தாலியச் சலவைக்கல்லும் ஆத்தங்குடிக் கல்லும் வந்தன. கறையான் உலவும் மண்ணில், நாள்தோறும் நீர்விட்டுக் கழுவும் குடும்பத்தில், மரம் தரையாக நீடிக்காது என்பதை நம் தச்சர்கள் அறிந்திருந்தனர்.

எங்கள் ஊர் சத்தியவேடு. சென்னை மாநிலத்துச் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த ஊர், 1960 ஏப்ரல் 1 அன்று எல்லை மாற்றத்தால் ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது; 2022 முதல் திருப்பதி மாவட்டம். எங்கள் முன்னோர் வாசற்படி தாண்டாமலே மாநிலம் மாறினார்கள். நாங்களோ கடல் தாண்டி மெல்போர்ன் வந்து சேர்ந்தோம். உலகில் மிகச் சில இடங்களில் மட்டுமே இயல்பாக வளரும் செம்மரம் எங்கள் மாவட்டத்து மலைகளிலும் வளர்கிறது. ஆயினும் ஊரில் இருந்தவரை ஒரு பலகையின்மீதும் நாங்கள் நடந்ததில்லை. செங்காவித் தரையில் வெள்ளிக்கிழமை தோறும் குடங்குடமாக நீர் ஊற்றப்படும். விளக்குமாற்றால் தள்ளப்பட்ட நீர் முற்றத்தில் இறங்கித் தூம்பின் வழியே வெளியேறும். ஈரம் உலருமுன் நிலைப்படியில் மஞ்சளும் குங்குமமும் ஏறும். வீடு என்பதன் மணமே எங்களுக்கு அந்த ஈரத் தரையின் மணந்தான்.

மெல்போர்னில் நாங்கள் வாங்கிய வீடு 1930களில் எழுந்தது. பழைய கம்பளத்தைச் சுருட்டி எடுத்தபோது அடியில் தேன் நிறத்தில் மரத்தரை கிடந்தது. 'டாஸ்மேனிய ஓக்' என்பது அதன் வணிகப் பெயர். உண்மையில் அது ஓக் மரமே அன்று. யூகலிப்டஸ் இனங்கள் மூன்றுக்குச் சேர்த்து இட்ட பெயர் அது. அவற்றுள் ஒன்று நூறு மீட்டர் உயரம் வரை வளரக்கூடியது. உதகையில் தைலம் காய்ச்சும் மரத்தின் உறவினர்மேல் நடக்கிறோம் என்று நண்பர் ஒருவர் சொன்னார், தவறில்லை.

இத்தகைய தரை மண்ணின்மேல் கிடப்பதன்று. குட்டையான கட்டைத்தூண்கள்மேல் சட்டங்கள், சட்டங்கள்மேல் பலகைகள். ஒரு பலகையின் நாக்கு அடுத்த பலகையின் காடியில் புகுந்து நிற்கும். அடியில் ஆள் தவழ்ந்து செல்லும் அளவு வெற்றிடம். அங்குக் காற்று புகச் சுவரின் அடிப்பகுதியில் சிறு துளைகள். சுவரோரம் பலகை நின்றுவிடாது விரிவதற்கு ஒரு விரற்கிடை இடைவெளி விட்டு, அதனை மரப்பட்டியால் மறைத்திருப்பார்கள். ஏனெனில் வெட்டி அறுத்து நூறாண்டு கழிந்தாலும் மரம் ஈரத்தை வாங்குவதையும் விடுவதையும் நிறுத்துவதில்லை. நீளவாட்டில் அது மாறுவதில்லை எனலாம்; அகலவாட்டில் தடிக்கும், சுருங்கும். மெல்போர்ன் குளிர்காலத்தில் அறைச்சூடேற்றி நாளெல்லாம் ஓடினால் பலகைகளுக்கிடையே கீற்றுகள் திறக்கும். முறுக்குத் தூள் அவற்றைத் தேடிச் சென்று சேரும்.

எங்கள் வீட்டு நடுக்கூடத்தின் ஒரு மூலையில் பலகைகள் அலையலையாக இருந்தன. ஒவ்வொன்றும் ஓரம் எழும்பி நடு குழிந்து, கவிழ்க்காத நாட்டு ஓடுபோல் கிடந்தது. தரை இழைப்பவர் வந்து பார்த்தார். தரையைத் தொடவில்லை, வெளியே சென்று சுவரைப் பார்த்தார். முன்பு குடியிருந்தவர்கள் சுவரையொட்டி உயரமாக மண் கொட்டிப் பூச்செடி வளர்த்திருந்தார்கள். காற்றுத் துளைகள் மூன்று அந்த மண்ணுக்குள் புதைந்திருந்தன. அடியில் தேங்கிய ஈரம் பலகையின் அடிப்பக்கத்தைத் தடிக்கச் செய்ய, ஓரங்கள் மேலெழுந்தன. உடனே இழைத்துச் சமன் செய்துவிடலாமே என்று கேட்டோம். கூடாது என்றார். இப்போது எழும்பிய ஓரத்தைத் தேய்த்துவிட்டால், பின்னர் மரம் உலரும்போது ஓரம் தாழ்ந்து நடு முதுகு காட்டும் என்பது அவர் விளக்கம். மண்ணை அகற்றினோம், காத்திருந்தோம். கோடை முடிவதற்குள் பெரும்பகுதி தானாகவே படிந்துவிட்டது. கறிவேப்பிலைத் தொட்டியையும் வெந்தயக்கீரைப் பாத்தியையும் சுவரோரம் வைக்கும் நம்மவர் இதனை மனத்தில் கொள்வது நல்லது. தரைக்குப் பகை பிள்ளைகளின் ஓட்டம் என்று எல்லோரும் எண்ணுகிறோம். முதற்பகை அடியிலிருந்து வருவது.

இரண்டாம் பகை மணல். மணலில் உள்ள படிகக்கல், தரைமேல் பூசிய மெருகைவிடப் பன்மடங்கு கடினமானது. காலணியோடு ஒருவர் உள்ளே நடப்பது உப்புத்தாளைக் காலில் கட்டிக்கொண்டு நடப்பதற்கு ஒப்பு. குதிகாலுயர்ந்த காலணியோ ஒருவர் எடை முழுவதையும் ஒரு நாணயத்தினும் சிறிய இடத்தில் இறக்கிக் குழி பறிக்கும். இவ்விடத்தில் நாம் சற்றே பெருமிதம் கொள்ளலாம். அண்டை வீட்டார் அறிவிப்புப் பலகை வைத்தும் பெறமுடியாத ஒழுங்கு நம் வீட்டில் கேட்காமலே கிடைக்கிறது: வாசலில் செருப்பைக் கழற்றாத தமிழர் அரிது. ஆனால் விமான நிலையத்திலிருந்து வரும் பெட்டிகளுக்கு அந்த மரியாதை தெரியாது. ஊறுகாயும் சாம்பார்ப் பொடியுமாக முப்பது கிலோ கனக்கும் பெட்டியை, உலகத்து மண்ணெல்லாம் அப்பிய சிறு சக்கரங்களில் கூடத்தின் குறுக்கே இழுத்து வருவது எங்கள் வீட்டு வழக்கமாயிருந்தது. இப்போது வாசலில் ஒரு பழைய போர்வை காத்திருக்கிறது. பெட்டி அதன்மேல் ஏறி அமர்ந்து உள்ளே வருகிறது.

மரத்தின் கடினத்தை அளக்க ஓர் எஃகுக் குண்டை அதில் பாதி புதையும்வரை அழுத்தி, அதற்குத் தேவையான விசையைக் குறிப்பார்கள். ரேடியாட்டா பைன் 3.3 கிலோநியூட்டன், எங்கள் டாஸ்மேனிய ஓக் சுமார் 5.5, மேற்கு ஆஸ்திரேலியத்து ஜாரா 8.5. எண் எதுவாயினும் கைநழுவிய தேங்காய்க்கு எல்லாம் ஒன்றே. சமையற்கட்டருகே எங்கள் தரையில் அதற்குச் சான்று உண்டு. நாற்காலிக் கால்களுக்குக் கம்பளி வட்டு ஒட்டினோம். ஒட்டினால் போதாது, ஆறு மாதத்திற்கு ஒருமுறை புரட்டிப் பார்க்கவேண்டும். வட்டில் மணல் ஏறிவிட்டால் காப்பதற்கு ஒட்டியதே கீறுகோலாகிவிடும். கொலுப்படியை இழுக்காமல் தூக்கி வைக்கிறோம். குத்துவிளக்கின் அடியில் பித்தளைத் தட்டு. சதங்கை கட்டி மகள் ஆடுவதை நாங்கள் தடுப்பதில்லை. கற்றரையினும் சட்டங்கள்மேல் நிற்கும் மரத்தரை சிறிது வளைந்து கொடுப்பதால் ஆடுவோர் முழங்காலுக்கு இதமானது. உதிர்ந்த மணியொன்று காலடியில் சிக்காமல் பார்த்துக்கொள்வதே வேலை.

நிற்க. இவையெல்லாம் எளிய செய்திகள். எளிதல்லாத செய்தி, சத்தியவேட்டிலிருந்து எங்கள் அம்மா வந்தபோது நேர்ந்தது.

எழுபத்தெட்டு வயது. வந்த முதல் வெள்ளிக்கிழமை காலையில் வாளியில் நீர் பிடித்துக்கொண்டு கூடத்தின் நடுவே நின்றார்கள். "ஆயா, தண்ணி ஊத்தக்கூடாது, மரம் கெட்டுப்போயிடும்" என்று பேரன் ஓடிவந்து வாளியைப் பிடித்தான். அவன் சொன்னது உண்மை. ஊற்றிய நீர் மூட்டுகளில் இறங்கும். மெருகு மேலே மட்டுமே உண்டு, நாக்கிலும் காடியிலும் இல்லை. அம்மா வாளியை எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். "தண்ணி காட்டாத வூடு ஒரு வூடா?" என்று மட்டும் சொன்னார்கள். அடுத்த சில நாள் அவர்கள் நடந்த நடையைப் பார்த்தோம். சுவரோரமாக, விருந்தினர்போல். கோலப்பொடி டப்பாவைத் திறக்கவில்லை. அரிவாள்மணையைப் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை. தரை பழுதில்லாமல் இருந்தது. வீட்டில் ஒருவர் இருக்க இடமில்லாமல் போயிற்று.

அதன்பின்னரே நாங்கள் தரையைப் பற்றிச் சிந்திப்பதை விட்டு, அதன்மேல் வாழ்பவரைப் பற்றிச் சிந்தித்தோம். சமையல் மேடைக்குக் கல் அறுக்கும் பட்டறையில் மிஞ்சிய கருங்கல் துண்டொன்று மலிவாகக் கிடைத்தது. நான்கடி நீளம், மூன்றடி அகலம். சமையற்கட்டை ஒட்டிய மூலையில், அடியில் நீர் புகா விரிப்பிட்டு அதனை வைத்தோம். பூசை மாடத்தின் முன்னும் சிறியதாக ஒன்று. "கடப்பைக் கல்லாட்டம் இருக்குது" என்றார்கள் அம்மா. அன்றே அரிவாள்மணை அதில் ஏறியது. மாக்கோலமும் மஞ்சள் கரைத்த நீரும் அந்தக் கல்லின் எல்லைக்குள் வந்துவிட்டன. வாசலின் சிமெண்டு முற்றம் வெள்ளிக்கிழமை நீருக்கு உரியதாயிற்று. அங்கே குடம் கணக்கில்லை.

எஞ்சிய தரையை எப்படித் துடைப்பது என்பதிலும் அவர்களே எங்களுக்கு ஆசிரியரானார்கள். நாங்கள் பயன்படுத்திய நீண்ட கைப்பிடி மாப்பு, எவ்வளவு பிழிந்தாலும் பின்னால் ஓர் ஈரப்பட்டையை விட்டுச் சென்றது. அம்மா ஒரு பழைய வேட்டித் துண்டை நனைத்து, இரு கையாலும் முறுக்கிச் சொட்டு விழாதபடி பிழிந்து, குந்தி அமர்ந்து, பலகையின் நீளவாட்டில் துடைத்துக்கொண்டே பின்னோக்கி நகர்ந்தார்கள். துணி கடந்த இடம் நாங்கள் பத்து எண்ணுவதற்குள் உலர்ந்துவிட்டது. தரை இழைப்பவர் சொன்ன இலக்கணமும் இதுவே: ஈரமாக அன்று, ஈரப்பதமாக. நீராவி பீய்ச்சும் கருவிகளைக் கடைகளில் விற்கிறார்கள். மரத்தின் மூட்டுக்குள் வெந்நீராவியைச் செலுத்துவது எவ்விதத்தில் துப்புரவோ எங்களுக்கு விளங்கவில்லை. தேங்காயெண்ணெய் தேய்த்தால் பளபளக்கும் என்போரும் உளர். பளபளக்கும், தூசியும் பிடிக்கும், முதியவர் கால் வழுக்கும், பின்னொரு நாள் புது மெருகு பூசினால் ஒட்டாது.

வழுக்கல் என்றதும் ஒன்று சொல்லவேண்டும். நடைபாதையில் தரையைக் காக்கச் சிறு கம்பளங்கள் விரித்திருந்தோம். அம்மா கைத்தடியோடு இரவில் எழுந்து நடப்பதைக் கண்டதும் அவற்றை எடுத்துவிட்டோம். பிடிப்பில்லாக் கம்பளமும் காலுறையும் மெருகிட்ட மரத்தின்மேல் முதியவருக்குப் பொறி. கைத்தடியின் ரப்பர் முனை கருங்கோடுகள் இட்டது, இடட்டும். எலும்புக்கும் பலகைக்கும் இடையே வழக்கு வந்தால் நாங்கள் எலும்பின் பக்கம்.

அம்மா ஊர் திரும்பி இரண்டாண்டு ஆகின்றது. நடைபாதையில் மெருகு மங்கத் தொடங்கியுள்ளது. மரம் வெளிப்படும்வரை காத்திருந்தால் முழுதும் இழைக்கவேண்டிவரும். சுமார் 19 மில்லிமீட்டர் தடிப்புள்ள பலகையில் நாக்குக்கு மேலே இருப்பது ஏறத்தாழ 6 மட்டுமே. ஒவ்வொரு இழைப்பும் ஒரு மில்லிமீட்டர் அளவைத் தின்னும். எண்பது ஆண்டுக்கு மேல் தேய்ந்த தரைக்கு அந்தச் செலவு கட்டாது. ஆகவே மேற்பூச்சை மட்டும் இலேசாகத் தேய்த்து, வரும் தை மாதத்தில், சன்னல்களைத் திறந்துவைக்கும் கோடை நாளில், புதுப் பூச்சு இடுவதாக முடிவு. இரண்டு மூன்று இரவு நண்பர் வீட்டில் தங்கவேண்டும்; அறைகலன் யாவும் வெளியேறவேண்டும். தொலைபேசியில் சொன்னபோது அம்மா மற்ற எதையும் கேட்கவில்லை. "அந்தக் கல்லை எப்படி எடுப்பீங்க?" என்றார்கள். நான்கு பேர் வருகிறார்கள் என்றோம். "இழுக்காதீங்க, தூக்குங்க" என்றார்கள்.