அண்டை வீட்டின் ஆயத்தம்

விருந்தினரை எதிர்நோக்கும் இல்லத்தை அதன் வாசலைக் கண்டே அறிந்து கொள்ளலாம். நோன்புப் பெருநாளுக்கு முந்திய நாட்களில் நம் இல்லங்கள் எவ்வாறு இருக்குமோ, ஏறத்தாழ அவ்வாறே டிசம்பர்த் திங்கள் இருபதாம் நாளுக்குப் பின்னர் இராயபுரத்துக் கிறிஸ்தவ அன்பர்களின் இல்லங்கள் காணப்படும். மூலையிற் கிடந்த ஒட்டடைக் கம்பு வெளியே வரும். பரண்மீதிருந்த பித்தளைப் பாத்திரங்கள் இறங்கிப் புளியும் சாம்பலும் காணும். தலையணை உறைகள் மொட்டை மாடியிற் காயும். இவ்வூரில் நெடுங்காலமாக ஓதிக் கொடுத்து வாழும் நாம், ஆண்டுதோறும் இவ்வாயத்தத்தை அண்டை வீட்டாராக நின்று கண்டு வருகிறோம். அது நமக்கு உணர்த்திய ஒன்றை வாசக நேயர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

பேதுரு என்னும் அடியாரைத் தமிழ்க் கத்தோலிக்கர் இராயப்பர் என வழங்குவர். அப்பெயரே இராயபுரத்திற்கு அமைந்தது என்பர். சென்னைக்குத் துறைமுகம் கட்டப்படாத காலத்தில் கப்பல்கள் கடலிலேயே நங்கூரமிட்டு நிற்கும். ஆளையும் சரக்கையும் அலைகளைக் கடந்து கரை சேர்த்தவர்கள் இப்பகுதிப் படகோட்டிகள். அவர்கள் 1829-ஆம் ஆண்டளவில் எழுப்பிய இராயப்பர் ஆலயம் இன்றும் நிற்கிறது. அவ்வழியினரும் கடல் தொழில் புரியும் பிறரும் நம் தெருக்களில் வாழ்கின்றனர். பாங்கோசையும் ஆலய மணியோசையும் ஒரே காற்றிற் கலந்து வரக் கேட்டு வளர்ந்தவர்கள் நம் பிள்ளைகள்.

கிறிஸ்துமஸ் ஆயத்தத்தின் தலையாய வேலை வெள்ளையடித்தல். பழவேற்காட்டிலும் எண்ணூர்க் கழியிலும் கிடைக்கும் கிளிஞ்சலைச் சுட்டெடுத்த சுண்ணாம்பு ஒரு காலத்தில் இந்நகருக்கே புகழ் தேடித் தந்தது; அச்சாந்து பூசிய சுவர் சலவைக்கல்லைப் போல் மின்னும் என அயல்நாட்டார் வியந்தனர். பிளாஸ்டிக் டப்பாவில் வரும் வண்ணப் பூச்சு வந்துவிட்ட பின்னரும், சிறிய வீடுகளில் இன்றும் ஒரு வாளிச் சுண்ணாம்பில் சிறிது நீலம் கலந்து மட்டையால் அடிப்பதைக் காண்கிறோம். அடுத்தது குடில். ஒரு வாரம் முன்னரே சிறு தட்டுகளில் கேழ்வரகைத் தூவி நீர் தெளித்து முளைக்க விடுவர். அதுவே குடிலைச் சூழும் பசும்புல்லாகும். வைக்கோல் பரப்பிச் சொரூபங்களை நிறுத்துவர். குழந்தையின் இடம் மட்டும் இருபத்துநான்காம் நாள் நள்ளிரவு வரை வெறுமையாக இருக்கும். மூங்கிற் பிளாச்சில் வண்ணத்தாள் ஒட்டிய நட்சத்திரத்தை வாசலில் தொங்கவிடுவர்.

அடுக்களையில் அதிரசமும் முறுக்கும் கலகலாவும் அச்சு முறுக்கும் உருவாகும். அச்சு முறுக்குக்கு இரும்பு அச்சை முதலில் கொதிக்கும் எண்ணெயிற் காயவைத்து, அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்ந்த கரைசலில் விளிம்பு மூழ்காவண்ணம் தோய்த்து எடுக்க வேண்டும். அச்சு காயாவிடின் மாவு பற்றாது. மூழ்கிவிடின் முறுக்கு கழலாது. "பாய், எண்ணெய் காயுது, முதல் ஈடு உங்க வீட்டுக்குத்தான்" என்று அண்டை வீட்டுப் பெரியம்மா குரல் கொடுப்பார். நோன்புக் காலத்தில் பள்ளிவாசல் கஞ்சி அவர் இல்லம் செல்லும். டிசம்பரில் அவர் தட்டு நம் இல்லம் வரும்.

இவ்வாயத்தத்தில் நம்மவர் கைகளும் உண்டு. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் எடுத்த துணி, நம் தையற்கார அன்பர்களின் கடைகளுக்கு வந்து சேரும். டிசம்பர் இருபதுக்குப் பின்னர் அவர்கள் புதிய துணியை ஏற்க மறுத்து, காஜாவும் பொத்தானும் முடிக்க இரவெல்லாம் விழித்திருப்பர்.

நம்பிக்கையில் நமக்கும் அவர்களுக்கும் உள்ள வேறுபாடு யாவரும் அறிந்ததே. அவர்தம் வணக்கத்தில் நாம் பங்கு கொள்வதில்லை. வேதம் அருளப்பெற்றோரின் உணவு நமக்கு ஆகுமானது எனத் திருமறையின் ஐந்தாம் அத்தியாயம் கூறுகிறது. மர்யம் அத்தியாயத்தை ஓதுவோர் மற்றொன்றையும் எண்ணிப் பார்க்கலாம். ஈசா நபி (அலை) அவர்கள் பிறந்த வேளையில் அன்னை மர்யம் (அலை) அவர்களுக்கு ஆயத்தமான இல்லம் ஏதும் இருக்கவில்லை. ஒரு பேரீச்ச மரத்தின் அடியும், அதன் கனியும், காலடியில் ஓடிய நீருமே இருந்தன. அவர்தம் வேதமும் சத்திரத்தில் இடமின்மையைப் பேசுகிறது. இடமற்று நின்ற ஒரு தாயை நினைந்தே இத்தனை இல்லங்கள் துடைக்கப்படுகின்றன.

இனி, சுண்ணாம்பின் மறுபக்கத்தைக் கூறுவோம். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாளப்பட்ட ஆண்டுகளில், டிசம்பரில் அடித்த வெள்ளை பொங்கலுக்குள் சாம்பல் நிறமாகும். ஜன்னற் கம்பியைத் தொட்டால் விரல் கறுக்கும். 2011-ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் தூசு பறக்கும் அச்சரக்குகளை இத்துறைமுகத்திற் கையாளத் தடை விதித்தது. இராயபுரத்துச் சுவர்கள் மூச்சு விட்டன. ஆயினும் அக்கரி மறைந்து போகவில்லை. 2001-இல் தொடங்கப்பட்ட எண்ணூர்த் துறைமுகத்திற்கு அது சென்றது. நம் ஜன்னலை விட்டகன்ற கரி, வடக்கே வாழும் அயலாரின் ஜன்னலை நாடிற்று.

2023-ஆம் ஆண்டின் டிசம்பரை அப்பகுதி மக்கள் மறக்கவியலாது. மிக்ஜாம் புயலின் பெருமழை டிசம்பர் 3, 4 ஆகிய நாட்களிற் கொட்டியது. அவ்வெள்ளத்துடன் மணலித் தொழிற்பகுதியின் எண்ணெய் கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரம் வரை பரவியது. எர்ணாவூர், காட்டுக்குப்பம் முதலிய குடியிருப்புகளில் வெள்ளம் வடிந்த இடமெல்லாம் எண்ணெய்க் கோடு சுவரில் நின்றது. மீனவர்கள் தம் படகுகளிற் சென்று, வாளிகளாலும் குவளைகளாலும் எண்ணெயை அள்ளிப் பீப்பாய்களில் நிரப்பினர். அரசு 8 கோடியே 68 இலட்சம் ரூபாய் நிவாரணம் அறிவித்தது. 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாயும், 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாயும், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாயும் வழங்குவதெனக் கூறப்பட்டது.

கிறிஸ்துமஸுக்கு இல்லத்தை ஆயத்தம் செய்ய வேண்டிய நாட்களும் அவையே. எண்ணெய் படிந்த சுவரில் சுண்ணாம்பு ஒட்டாது. முதலில் சுரண்ட வேண்டும், பின்னர்க் கழுவ வேண்டும், உலர வேண்டும். உழைப்பவன் வலையும் கறுத்து, படகும் கறுத்து, வருவாயும் நின்றுவிட்ட நிலையில் இவற்றை எவ்வாறு செய்வது? பெருநாளுக்கு மறுநாளாகிய டிசம்பர் 26-இன் நள்ளிரவில் மற்றொரு சோதனை நேர்ந்தது. உரத்தொழிற்சாலை ஒன்றுக்குக் கடல்வழியாக அம்மோனியா கொண்டுவரும் குழாய் பெரியகுப்பத்தருகே கசிந்தது. கண்ணெரிச்சலும் மூச்சுத் திணறலும் தாளாது மக்கள் வீடுகளை விட்டுச் சாலைக்கு ஓடினர். பலர் மருத்துவமனை சேர்ந்தனர். விருந்தினருக்கெனத் துடைத்து வைத்த இல்லத்தில் வீட்டாரே தங்க இயலாது போயிற்று.

அயலாருக்கும் வாரிசுரிமை வந்துவிடுமோ என எண்ணுமளவுக்கு ஜிப்ரீல் (அலை) அவர்கள் அயலார் உரிமையை வலியுறுத்தியதாக அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். குழம்பில் சிறிது நீரைக் கூட்டியேனும் அண்டை வீட்டாரைக் கவனிக்குமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு உபதேசித்தார்கள். இவ்வுரிமை தட்டு மாற்றிக் கொள்வதோடு நிறைவெய்துவதன்று. தீங்கு செய்தலாகாது என்பது நம் சட்டக் கலையின் அடிப்படை விதிகளுள் ஒன்று. அயலார் எத்துணைத் தூரம் என வினவப்பட்டபோது நாற்பது வீடு என மொழிந்த முன்னோரும் உண்டு. அவர்கள் காலத்தில் நாற்பது வீட்டிற்கு அப்பால் ஒருவர் அடுப்புப் புகை எட்டியிராது. இன்று நம் விளக்கெரிய எரியும் கரியின் சாம்பல் எண்ணூர்க் கழியிற் படிகிறது. நம் வண்டிக்கான எண்ணெய் மணலியிற் சுத்திகரிக்கப்படுகிறது. எனவே அவர்கள் நம் அயலாரே.

நம் ஜமாஅத்தார்கள் வெள்ளத்தின்போது சோறு சமைத்துக் கொடுப்பதிற் பின்தங்கியவர்கள் அல்லர். அத்துடன் இன்னும் ஒரு படி செல்லுதல் நலம். வடக்கே புதிய ஆலைக்கோ விரிவாக்கத்திற்கோ மக்கள் கருத்தைக் கேட்கக் கூட்டம் கூடும்போது, ஊர்ப் பெரியவர்கள் அங்குச் சென்று அமர வேண்டும். மீனவர் பேசும்போது உடன் நிற்க வேண்டும். ஆற்றையும் காற்றையும் தூய்மையாக வைத்திருத்தல் மஹல்லாவின் கடமைகளுள் ஒன்றென வெள்ளிக்கிழமை மிம்பரிலும் கூறப்பட வேண்டும்.

அண்டை வீட்டார் அடித்த சுண்ணாம்பு அடுத்த டிசம்பர் வரை வெண்மையாக நிலைக்க, வல்ல நாயன் நம் அனைவருக்கும் நல்லறிவையும் நற்செயலையும் தந்தருள்வானாக! ஆமீன்.