லாரித் தண்ணீரும் ஒரு பூஜ்ஜியமும்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எழுதி. ஆணி கொஞ்சம் அதிகம். போன தடவை பழைய சைக்கிளைப் பற்றி எழுதினேன், இந்தத் தடவை தண்ணீர் லாரி. என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், இங்கே என்றைக்கு சம்பந்தம் இருந்திருக்கிறது :-)

எம்.பி.ஏ. முதல் வருடம் முடிந்ததும் எங்களுக்கு இரண்டு மாதம் கம்பெனிப் பயிற்சி உண்டு. நண்பர்கள் மார்க்கெட்டிங், ஃபைனான்ஸ் என்று போக, எனக்கு ஒரு பெரிய கம்பெனியில் 'சஸ்டெயினபிலிட்டி' பிரிவு கிடைத்தது. (பேர் வேண்டாமே.) அம்மாவிடம் சொன்னேன்.

"அதுல என்னடா வேலை?"

"கம்பெனி எவ்வளவு தண்ணி எடுக்குது, எவ்வளவு புகை விடுதுன்னு கணக்கு எழுதணும்மா."

"மீட்டரப் பாத்து எழுதுறதுக்கு எதுக்குடா எம்.பி.ஏ.?"

நியாயமான கேள்விதான். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன்.

முதலில் கொஞ்சம் பாடம், பொறுத்துக்கொள்ளுங்கள். பெரிய கம்பெனிகள் லாப நஷ்டக் கணக்கு வெளியிடுவது போல, சுற்றுச்சூழலையும் தொழிலாளர்களையும் எப்படி நடத்துகிறோம் என்றும் வருடா வருடம் அறிக்கை கொடுக்க வேண்டும். இந்தியாவில் செபி 2012-ல் முதல் 100 கம்பெனிகளிடம் இதைக் கேட்க ஆரம்பித்தது. 2021-ல் படிவத்தையே மாற்றி 'பி.ஆர்.எஸ்.ஆர்.' என்று பெயர் வைத்தது. 2022-23 முதல், பங்குச் சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களில் இருக்கும் கம்பெனிகளுக்கு அது கட்டாயம். சும்மா "நாங்கள் இயற்கையை நேசிக்கிறோம்" என்று மரம் நடும் போட்டோ போட்டுத் தப்பிக்க முடியாது. தண்ணீர் எத்தனை கிலோ லிட்டர், நிலத்தடி நீரா, ஆற்று நீரா, வெளியாரிடம் வாங்கியதா என்று தனித்தனிக் கட்டங்கள் உண்டு. போன வருட எண்ணையும் பக்கத்திலேயே போட வேண்டும்.

புகைக் கணக்கு இன்னும் சுவாரசியம். 2001-ல் வந்த ஒரு சர்வதேச வழிமுறைப்படி மூன்று வகையாகப் பிரிப்பார்கள். நம் ஹாஸ்டலையே வைத்துச் சொல்கிறேன். மெஸ்ஸில் எரியும் கேஸும் ஜெனரேட்டர் டீசலும் 'ஸ்கோப் 1', நாமே எரிப்பது. கரண்ட் பில் 'ஸ்கோப் 2', நமக்காக எங்கோ மின் நிலையத்தில் எரிவது. வெளியிலிருந்து வரும் சாப்பாடு, நாம் ஊருக்குப் போகும் பஸ், கொட்டும் குப்பை எல்லாம் 'ஸ்கோப் 3'. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு. நம் நாட்டு கிரிட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு சுமார் 0.7 கிலோ. பெருக்கினால் விடை வந்துவிடும்.

இப்போது வார்டன் மெஸ்ஸை மூடிவிட்டு, சாப்பாட்டை கேட்டரிங்காரரிடம் விட்டுவிட்டார் என்று வையுங்கள். ஹாஸ்டலின் கேஸ் கணக்கு ஒரே நாளில் பூஜ்ஜியம்! அரிசி அதே அரிசி, அடுப்பு மட்டும் பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டது. பி.ஆர்.எஸ்.ஆர். வந்தபோது ஸ்கோப் 1, 2 கட்டாயமாகவும் ஸ்கோப் 3 விருப்பமாகவும்தான் வைக்கப்பட்டன. எங்கே கோடு போடுகிறோமோ அதற்குள் இருப்பதுதான் கணக்கு. அம்மாவின் கேள்விக்கு பதில் இங்கேதான் இருக்கிறது. மீட்டர் பொய் சொல்லாது, ஆனால் எந்தக் குழாயில் மீட்டர் வைப்பது என்பதை மீட்டர் முடிவு செய்வதில்லை.

சரி, கதைக்கு வருகிறேன்.

நான்கு ஆலைகளின் தண்ணீர்க் கணக்கைச் சேர்ப்பது என் வேலை. ஒரு ஆலையின் எக்செல்லில் நிலத்தடி நீர் 41,000 கிலோ லிட்டர், வெளியாரிடம் வாங்கியது 0. அந்த ஆலைக்கு நேரில் போனேன். நான் கேட்டில் கையெழுத்துப் போடுவதற்குள் இரண்டு தண்ணீர் லாரிகள் உள்ளே போயின.

செக்யூரிட்டி அண்ணனிடம் கேட்டேன். "வெயில் காலத்துல ஆறு ஏழு வரும் தம்பி, மழை பேஞ்சா ஒண்ணு ரெண்டு" என்று சொல்லி, ஒரு நீளமான நோட்டை எடுத்து வைத்தார். தேதி, வண்டி நம்பர், உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம் எல்லாம் நீல மையில், கோணல் இல்லாத எழுத்தில். ஒரு லாரி 12,000 லிட்டர். இரண்டு நாள் உட்கார்ந்து எண்ணினேன். வருடத்துக்கு 1,140 லாரி, அதாவது 13,680 கிலோ லிட்டர். அந்த ஆலையின் மொத்தத் தண்ணீரில் நான்கில் ஒரு பங்கு எக்செல்லில் இல்லவே இல்லை. யாரும் திட்டம் போட்டு மறைக்கவில்லை. லாரி பில் 'நிர்வாகச் செலவு' என்ற தலைப்பில் போய்க்கொண்டிருந்தது, தண்ணீர்க் கணக்கு எழுதுபவர் போர்வெல் மீட்டரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான்.

மேனேஜரிடம் காட்டினேன். நல்ல மனிதர், திட்டவெல்லாம் இல்லை. "போன வருஷம் காட்டலையேப்பா. இப்ப காட்டினா திடீர்னு ஏறின மாதிரி தெரியும். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார்.

இங்கேதான் நான் சொல்ல வெட்கப்படும் இடம். "சரி சார்" என்றேன். பயிற்சிச் சான்றிதழில் கையெழுத்துப் போடப்போவது அவர்தானே! எண்ணிய தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, பூஜ்ஜியத்தைப் பூஜ்ஜியமாகவே விட்டேன்.

அடுத்த வாரம் அந்த ஆலைக்கு மறுபடி போக வேண்டியிருந்தது. செக்யூரிட்டி அண்ணன் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "என்ன தம்பி, நம்ம நோட்டு கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சா?" இத்தனை வருடத்தில் அந்த நோட்டை உட்கார்ந்து படித்த முதல் ஆள் நான்தானாம். "ஏறிடும்ணே" என்றேன். டீ தொண்டையில் இறங்கவில்லை.

பிறகு என்ன ஆச்சு? நான் ஒன்றும் கிழிக்கவில்லை. வெளியிலிருந்து சரிபார்க்க வந்த ஒரு அம்மா, நிர்வாகச் செலவு பில்களைப் புரட்டியபோது தண்ணீர் லாரி பில் கண்ணில் பட்டது. "இது எந்தக் கட்டத்தில் இருக்கு?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். மேனேஜர் என்னைப் பார்த்தார். பையிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தேன். அன்றே லாரிக் கணக்கு உள்ளே ஏறியது. போன வருட நோட்டையும் எடுத்து, அந்த எண்ணையும் திருத்தினார்கள்.

சில மாதம் கழித்து அறிக்கை வெளிவந்தது. தேடிப் போய்ப் பார்த்தேன். வெளியார் தண்ணீர்க் கட்டத்தில் எண் இருந்தது, கீழே 'முந்தைய ஆண்டின் எண் திருத்தப்பட்டது' என்று சின்ன எழுத்தில் ஒரு வரி. முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் 'ஒரு ரூபாய் விற்பனைக்கு ஆகும் தண்ணீர் குறைந்திருக்கிறது' என்று இருந்தது. அதுவும் பொய்யில்லை. ஆனால் பொருளின் விலையை ஏற்றினாலே அந்த எண் குறைந்துவிடும், ஒரு சொட்டுகூட மிச்சப்படுத்த வேண்டாம். மொத்தத் தண்ணீர் போன வருடத்தைவிட அதிகம்தான். அதுவும் அதே அறிக்கையில்தான் இருக்கிறது, அந்தப் பக்கம் வரை போக வேண்டும், அவ்வளவுதான்.

அதனால் அறிக்கையெல்லாம் ஏமாற்று என்று சொல்லமாட்டேன். படிவத்தில் அந்தக் கட்டம் இருந்ததால்தான் அந்த அம்மா கேள்வி கேட்க முடிந்தது. கட்டமே இல்லையென்றால் பூஜ்ஜியம்கூட இருந்திருக்காது. ஆனால் கட்டம் தானாக நிரம்பாது. கேட்டில் நோட்டு எழுதும் ஒருவர், அதை எண்ணும் ஒருவர், எண்ணியதைச் சொல்லும் ஒருவர், மூன்று பேர் வேண்டும். அந்த மூன்றாவது ஆள் நானாக இருந்திருக்க வேண்டியது. இல்லை.

சான்றிதழ் வந்துவிட்டது, 'மிக நேர்மையாகப் பணியாற்றினார்' என்று போட்டிருக்கிறது. மேஜை டிராயரில் கிடக்கிறது, இன்னும் ஃப்ரேம் போடவில்லை.

நம் காலேஜ் ஹாஸ்டலுக்கும் தினமும் தண்ணி லாரி வருகிறது மக்களே. எத்தனை என்று யாருக்காவது தெரியுமா? நாளையிலிருந்து நான் எண்ணலாம் என்று இருக்கிறேன். கூட வருபவர்கள் சொல்லுங்கள், டீ என் செலவு.